கல்லுக்குக் கொடுத்த பொறுமை பிள்ளைக்கு உண்டா?



கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்க மேடையில் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். உடல்நலக் குறைவோ என்று பலர் அன்போடு விசாரித்தீர்கள். ஒரு சகோதரர் மட்டும் வருத்தத்தோடு எழுதியிருந்தார். போதகரே ஆராதனை நாளில் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போய்விட்டால், வேலையைக் காரணம் காட்டி ஆராதனைக்கு வராதவர்களை இனி எந்த முகத்தோடு கேட்பீர்கள் என்பது அவருடைய கேள்வி. கேட்டது நியாயமே. அவருக்குத் தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த வாரத் தியானத்தில் எல்லாருக்கும் பொதுவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பதிலுக்குள் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை நம் ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடும்ப தினம். 1990ஆம் ஆண்டில், கனடாவிலேயே முதலாவதாக, இந்த மாகாணம்தான் அந்த நாளை விடுமுறையாக்கியது. அதற்கு முந்திய சனிக்கிழமை காலையில், பிள்ளைகளை டிரம்ஹெல்லரில் உள்ள ராயல் டிரல் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லலாம் என்று என் மனைவி கூறினார். கல்கரியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். நான் அரை மனதோடுதான் சம்மதித்தேன். மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. மறுநாள் பிரசங்கத்தின் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. நான்கு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "சரி" என்றார். அந்தச் "சரி"யை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

வண்டியை அவரே ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கைபேசியில் பிரசங்கக் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே வெப்பநிலை மைனஸ் 22. இருபுறமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைச் சமவெளி. டிரம்ஹெல்லரை நெருங்கியதும் அந்தச் சமவெளி சட்டென்று பிளந்து கீழே இறங்குகிறது. செந்நிறமும் சாம்பல்நிறமும் கருநிறமும் அடுக்கடுக்காகப் படிந்த மண்மேடுகள், ரெட் டீர் நதியின் பள்ளத்தாக்கு முழுவதும் பனியைப் போர்த்தி நிற்கின்றன. "அப்பா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்" என்று பின்னிருக்கையிலிருந்து என் மகள் சொன்ன பிறகுதான் நான் கைபேசியை மடியில் வைத்தேன்.

அந்த அருங்காட்சியகத்திற்குப் பெயர் தந்த ஜோசப் பர் டிரல் என்பவர் எலும்பு தேடி அங்கே போனவர் அல்லர். கனடாவின் நிலவியல் ஆய்வுத் துறைக்காக 1884ஆம் ஆண்டில் நிலக்கரி தேடிப் போன இளைஞர் அவர். கிடைத்ததோ பெரிய ஊனுண்ணி டைனோசர் ஒன்றின் மண்டை ஓடு. 1905ஆம் ஆண்டில், ஆல்பர்ட்டா தனி மாகாணமான அதே ஆண்டில், அந்த விலங்கினத்திற்கு ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயரிட்டார்கள்.

ஆயினும் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொரு புதைபடிவத்தைப் பற்றி. அருங்காட்சியகத்தில் ஒரு மங்கலான அறையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் போரியலோபெல்டா, வடதிசைக் கேடயம் என்று பொருள். உடலெங்கும் கவசத் தகடுகள் கொண்ட, செடிகொடிகளைத் தின்று வாழ்ந்த விலங்கு. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று அங்கே எழுதியிருக்கிறது. பொதுவாக நமக்குக் கிடைப்பவை எலும்புகள் மட்டுமே. இதிலோ முகமும் கழுத்தும் தோலும் தகடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இறந்த உடல் ஆற்றோடு கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, மல்லாந்தபடி கடலடிச் சேற்றில் புதைந்திருக்கிறது. சுற்றிலும் தாதுக்கள் விரைவாக இறுகி அதைப் பெட்டிபோல் மூடிவிட்டன. அது கடைசியாகத் தின்ற பெரணி இலைகள்கூட வயிற்றுப் பகுதியில் அடையாளம் தெரிகின்றன. எதிரே நின்றால், தூங்குகிற ஒன்றை எழுப்பிவிடுவோமோ என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அதைக் கண்டெடுத்தவர் அறிஞர் அல்லர். ஃபோர்ட் மெக்மரிக்கு வடக்கே உள்ள எண்ணெய்மணல் சுரங்கம் ஒன்றில் மண்வாரி இயந்திரம் ஓட்டிய ஷான் ஃபங்க் என்னும் தொழிலாளி. நம் சபையின் சகோதரர்கள் சிலர் பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்று போய்வருகிற அதே பகுதிதான். 2011ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று, இயந்திரத்தின் வாய்க்குள் வந்த கல்லின் நிறமும் வடிவமும் வேறாக இருப்பதைக் கண்டு அவர் வேலையை நிறுத்தினார். அத்தகைய சுரங்கத்தில் இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்துவது என்றால் என்ன என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அவர் நிறுத்தாமல் அள்ளிக் கொட்டியிருந்தால், அவ்வளவு காலம் காக்கப்பட்ட ஒன்று அன்று மாலைக்குள் நொறுங்கிப் போயிருக்கும்.

அதன் பிறகும் ஒரு விபத்து நேர்ந்தது. பாறையைப் பெயர்த்துத் தூக்கும்போது அது தன் பாரம் தாங்காமல் துண்டு துண்டாக உடைந்தது. சாந்து பூசிக் கட்டி, துண்டுகளை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மார்க் மிட்செல் என்பவர் சிறு கருவிகளைக் கொண்டு தோலுக்கும் பாறைக்கும் இடையே ஒவ்வொரு மணலாக நீக்கினார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல், ஏறத்தாழ 7,000 மணி நேரம். அந்த விலங்கினத்தின் அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதியாக இன்று அவர் பெயரே நிற்கிறது.

என் மகன் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றான். அவனுக்குப் பதினைந்து வயது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்: "அப்பா, இந்த 11 கோடி வருடக் கணக்கை நீங்கள் நம்புகிறீர்களா?"

இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு பள்ளி முடிந்து வண்டியில் ஏறியதும் அவன் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டான். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் பூமியின் வயதைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். நான் அன்று அடுத்த வீட்டுச் சந்திப்புக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் பிறகு பேசலாம்" என்றேன். அந்தப் "பிறகு" வரவே இல்லை. அவனும் அதற்குப் பின் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், அடங்கிவிட்டான் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதைச் சாட்சியாகச் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இந்த முறையும் என் வாயில் ஒரு பதில் ஆயத்தமாக வந்தது, மூன்று குறிப்புகளோடு, பிரசங்கம் போலவே. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அந்தப் பதிலை விழுங்கிவிட்டு, "எனக்கு எல்லாம் தெரியாது. ஆனால் இதைப் படித்தவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். அதற்குமேல் அங்கே பேச்சு இல்லை.

திரும்பும் வழியில், அருங்காட்சியகத்திற்கு அருகே உள்ள சிறிய ஆலயத்தின் முன் வண்டியை நிறுத்தினோம். 1958ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1991ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறையின் கைதிகளால் திரும்பக் கட்டியெழுப்பப்பட்டது அது. ஒரு நேரத்தில் ஆறு பேர்தான் அமரலாம். "நாம் நான்கு பேர். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது" என்று என் மகள் கணக்குப் போட்டாள். என்ன சபை இது என்று நான் சிரித்தேன். மறுநாள் அந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது.

கல்கரி நகரத்தின் வட்டச்சாலையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி வந்தது. வண்டி திரும்பவில்லை. "வழி போய்விட்டது" என்றேன். "தெரியும்" என்றார் என் மனைவி. பின்னிருக்கையில் அடக்கிவைத்த சிரிப்பு வெடித்தது. வண்டியின் பின்புறத்தில், போர்வைக்கு அடியில், நால்வருக்குமான உடைகளும் இரண்டு நாளுக்கான சமையல் சாமான்களும் இருந்தன. மலைப்பக்கத்தில், கென்மோருக்குச் சற்றுத் தொலைவில், அவரோடு பணிபுரியும் ஒரு தோழி தம் மரக்குடிலை மூன்று நாளைக்குக் கொடுத்திருக்கிறார். மூப்பர் இருவருக்கும் மூன்று வாரமாகவே தெரியும். மாலைக் கூட்டத்தைத் தள்ளிவைத்ததும், ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்கு செய்ததும் அவர்களே. என் ஒன்பது வயது மகள் மூன்று வாரம் அந்த இரகசியத்தைக் காத்திருக்கிறாள். சபையின் மூப்பர்கள் முதல் வீட்டின் கடைக்குட்டி வரை எல்லாரும் அறிந்த ஒன்றை நான் மட்டுமே அறியாதிருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். என்னைக் கேளாமல் என் ஊழியத்தை எப்படி ஒழுங்கு செய்யலாம் என்றேன். மேடையை யார் கவனிப்பார்கள், ஜெப விண்ணப்பத்தோடு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். என் மனைவி சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அதற்குக் கர்த்தர் இருக்கிறார் என்று நீங்கள்தானே பிரசங்கம் செய்கிறீர்கள்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் பேசவில்லை. வெட்கத்தால் அல்ல; கோபம் இன்னும் தணியவில்லை.

குடில் சிறியது. ஓர் அறை, ஒரு பரண், நடுவில் விறகு அடுப்பு. சுற்றிலும் முழங்கால் அளவுப் பனி. கைபேசித் தொடர்பு இல்லை. முதல் இரண்டு மணி நேரம், இல்லாத தொடர்பைத் தேடிச் சன்னல் ஓரமாகக் கைபேசியை உயர்த்திக்கொண்டு நடந்தேன். மகன் விறகு பிளந்தான். அவனுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. வாலிபர் முகாமில் கற்றுக்கொண்டானாம். மகள் பருப்புச் சாதத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் அமர்ந்தாள். ஒன்பது மணிக்கு நான் உறங்கிப்போனேன். அவ்வளவு சீக்கிரம் எப்போது உறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிறு காலை நாங்கள் நால்வரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து ஆராதித்தோம். பாடினோம். மகள் 90ஆம் சங்கீதத்தை வாசித்தாள். மோசேயின் ஜெபம் என்று வேதத்தில் தலைப்பிடப்பட்டிருப்பது அது. மலைகளின் பழமையையும் மனித ஆயுளின் குறுமையையும் அருகருகே வைக்கிற சங்கீதம். நான் பிரசங்கிக்கவில்லை. விளக்கம் சொல்லத் தொடங்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அறிந்தேன்.

நெடுநேர அமைதிக்குப் பின் என் மகன் பேசினான். "அப்பா, நான் கேள்வி கேட்பதை ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" என்றான். நான் பதில் சொல்லாததால் என்று எண்ணினேன். அது இல்லை. "நீங்கள் பாஸ்டர். பாஸ்டர் மகனே இப்படிக் கேட்கிறான் என்று யாராவது சொன்னால் உங்களுக்குத்தானே கஷ்டம். அதனால்தான் விட்டுவிட்டேன்."

பிரியமானவர்களே, இரண்டு ஆண்டுகளாக என் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். தன் விசுவாசத்தில் எழுந்த சந்தேகத்தைத் தனியே சுமந்து, என் நற்பெயரைக் காத்திருக்கிறான். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக முழங்காலில் நின்ற நான், அடுத்த அறையில் இருந்த பிள்ளையைக் காணவில்லை. அன்று மதியம் வரை பேசினோம். அவனுடைய கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் ஒன்றைக் கேட்டான்.

பிற்பகலில் கென்மோரில் உள்ள கிராசி ஏரிகளுக்கு நடந்தோம். இத்தாலியில் பிறந்து இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த லாரன்ஸ் கிராசி என்பவர் அமைத்த பாதை அது. காலணியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு ஏறினோம். மேலே பனிக்கு நடுவில் நிற்கும் பாறைச்சுவர் முழுவதும் துளைகள். அது ஒரு காலத்தில் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வளர்ந்த பவளத்திட்டு. 37 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று நிலவியலாளர் கணிக்கின்றனர். பவளங்களும் கடற்பஞ்சு இனங்களும் வாழ்ந்த அந்தக் கடலடி இன்று மலையாகி நிற்கிறது. இத்தகைய துளையுள்ள பாறை நம் சமவெளியின் அடியிலும் புதைந்து கிடக்கிறது. 1947ஆம் ஆண்டில் லெடூக் என்னுமிடத்தில் பீறிட்ட எண்ணெய் அப்படிப்பட்ட பவளப்பாறையிலிருந்தே வந்தது. கல்கரியின் உயர்ந்த கட்டடங்களும், நம்மில் பலரை இந்த ஊருக்கு அழைத்த வேலைகளும் அந்த எண்ணெயைத் தொடர்ந்து வந்தவைதாம். என் மகன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு துளைக்குள் விரலை வைத்தான். "கடல், அப்பா" என்றான்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். இரண்டு காரியங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் கேள்விகளைப் பற்றியது. நம் பெற்றோர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்திற்கு அழைத்துப் போகத் தயங்குவதை அறிவேன். பள்ளி அழைத்துச் செல்லும் நாளில் வீட்டில் நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. விசுவாசம் போய்விடுமோ என்ற அச்சம். நம் சபையில் ஆதியாகமத்தின் ஆறு நாட்களை நம் கடிகாரத்தின் நாட்களாகவே வாசிப்பவர்கள் இருக்கிறீர்கள். நீண்ட காலங்களாக வாசிப்பவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராரும் ஒரே பந்தியில் ஒரே அப்பத்தைப் புசிக்கிறோம். அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் நான் தீர்க்கப்போவதில்லை. ஆனால் என் மனதை மறைக்கவும் மாட்டேன். கற்களை உண்டாக்கியவர் தேவன் என்றால், கற்கள் சொல்வதைக் கேட்டு அவர் அஞ்சமாட்டார். அஞ்சுகிறவர்கள் நாம்தான். நம் அச்சத்தைக் காணும் பிள்ளை, தேவனும் அச்சப்படுகிறவர் என்று கற்றுக்கொள்கிறது.

பிள்ளைகள் கேள்வியினால் சபையை விட்டுப் போவதை நான் அதிகம் கண்டதில்லை. கேட்க இடமில்லாமல் போனவர்களைக் கண்டிருக்கிறேன். நம் வாலிபர்களில் இன்று நம்மோடு இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேரிடம் நாம் "பிறகு" என்று சொன்னோம்? அவர்களில் இருவருக்கு இந்த வாரம் நானே கடிதம் எழுதினேன். உங்கள் கேள்வி என்ன என்று கேட்டு மட்டும் எழுதினேன். ஆராதனைக்கு வாருங்கள் என்று அதில் எழுதவில்லை.

இரண்டாவது, நம் அவசரத்தைப் பற்றியது. ஒரு கல்லுக்குள் இருக்கும் முகம் வெளிப்பட 7,000 மணி நேரம் தேவைப்பட்டது. ஒரு பிள்ளையின் உள்ளம் வெளிப்பட நாம் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம்? நம் வீடுகளின் நிலை எனக்குத் தெரியும். தகப்பன் வடக்கே முகாமில். தாய் முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் புறப்படுகிறார். சாவியும் சாப்பாடும் கைமாறுகின்றன, பேச்சு கைமாறுவதில்லை. ஊரில் உள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டும். வீட்டுக் கடன் கட்ட வேண்டும். ஓய்வெடுத்தால் குற்ற உணர்வு வருகிறது. இதோடு சனிக்கிழமைகளைக் கூட்டங்களால் நிரப்பிய சபைக்கும் இதில் பங்குண்டு. அதை ஏற்பாடு செய்தவன் நான்.

"பாஸ்டர், உங்களுக்கு மாதச் சம்பளம். எங்களுக்கு ஒரு ஷிப்ட் போனால் ஒரு நாள் கூலி போகும்" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மாகாணத்தின் சட்டப்படி, ஒரே இடத்தில் ஓராண்டு வேலை செய்த பெரும்பாலானோருக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று வாரம். மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிற நம்மில் பலர் அந்த விடுப்பு ஊதியத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்து வாங்கிச் செலவழித்துவிட்டு, விடுப்பை எடுப்பதே இல்லை. எடுத்தவர்களும் அந்த வாரத்தில் வேறோர் இடத்தில் ஓவர்டைம் பார்க்கிறோம். நாம் விற்றுவிட்ட அந்த இரண்டு வாரத்தில் பிள்ளையின் பங்கும் இருந்தது.

மலையும் குடிலும் எல்லாருக்கும் வாய்க்காது. எங்களுக்கும் அது இரவலாகவே கிடைத்தது. தேவையானது ஒரு நாள். அதில் யாரும் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். எலியா மனம் உடைந்து சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது உணவும் உறக்கமுமே. கேள்வியும் கட்டளையும் அதற்குப் பின்புதான் வந்தன. ஊழியம் முடிந்து திரும்பிய சீஷரை இயேசு தனியிடத்திற்கு அழைத்ததை மாற்கு தன் ஆறாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். உண்ணவும் நேரமில்லாத அளவுக்கு மக்கள் வந்துபோய்க்கொண்டிருந்த வேளை அது. வேலை முடிந்துவிட்டதால் அவர் அழைக்கவில்லை. ஓய்வு என்பது வேலையை முடித்தவனுக்குக் கிடைக்கும் கூலி என்றால், நம்மில் ஒருவருக்கும் அது கிடைக்காது.

எனக்கு எழுதிய சகோதரருக்கு இப்போது நேராகவே பதில் சொல்கிறேன். சபை கூடிவருதலை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆண்டு முழுவதும் ஞாயிறுதோறும் வெளியே போவது ஓய்வல்ல. அது வேறொரு ஓட்டம். ஆனால் குடும்பத்தைக் காணாமலே ஆண்டு முழுவதும் மேடையில் நின்றவன் மற்றவர்களுக்கு என்ன போதிப்பான் என்று இனி நீங்கள் என்னைக் கேட்கலாம். அப்படியே, வேலையினிமித்தம் வராதவர்களையும் இனி நான் வேறு விதமாகக் கேட்பேன். "ஏன் வரவில்லை?" என்பதற்கு முன், "கடைசியாக எப்போது உறங்கினீர்கள்?" என்று கேட்பேன்.

நான் இல்லாத அந்த ஆராதனை எப்படி நடந்தது என்று திங்கட்கிழமை இரவு நம் மூத்த தாயார் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "நல்லா இருந்தது பாஸ்டர். நீங்க இல்லாததே தெரியல" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். சற்று வலித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு தேவனுக்கு நன்றி சொன்னேன்.

மூப்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். வரும் மாதம் முதல், ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையிலும் சபையில் எந்தக் கூட்டமும் இருக்கக்கூடாது. பாடகர் குழுப் பயிற்சியும் வேண்டாம், ஆலோசனைக் கூட்டமும் வேண்டாம். அந்த நாள் வீடுகளுக்குரியது. இரவு வேலை செய்யும் பெற்றோர் உறங்கி எழும்வரை அவர்களுடைய சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருபவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பட்டியலில் முதல் பெயராக என் மனைவி தம் பெயரை எழுதியிருக்கிறார். இரண்டாவது பெயர் என்னுடையது. இந்த முறை என்னைக் கேட்டுத்தான் எழுதினார்.

இந்த வாரத்தில் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் பிள்ளை, அல்லது உங்கள் வீட்டில் உள்ள எவராயினும், முன்பு உங்களிடம் கேட்டு நீங்கள் "பிறகு" என்று தள்ளிவைத்த ஒரு கேள்வியை நினைவுகூருங்கள். நீங்களே போய் அதைத் திரும்ப எடுங்கள். "அன்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை" என்று தொடங்குங்கள். பதில் தெரியாவிட்டாலும் போங்கள். அவர்கள் உடனே பேசாமல் இருக்கலாம். என் மகன் பேச ஓர் இரவும் ஒரு பகலின் பாதியும் ஆயிற்று. காத்திருங்கள்.

ஜெபிப்போம்: மலைகளையும் கடல்களையும் உண்டாக்கினவரே, எங்களுக்கு முன்னும் எங்களுக்குப் பின்னும் இருப்பவரே, உம்முடைய நேரம் எங்கள் அவசரத்தினால் நடப்பதில்லை என்று எங்களுக்கு உணர்த்தும். நாங்கள் தள்ளிவைத்த முகங்களை எங்களுக்குக் காட்டும். வேலைப் பாரத்தினால் சோர்ந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு நாள் ஓய்வையாவது தாரும். எங்களை விட்டுத் தூரமாய்ப் போன பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்க எங்களுக்குக் காதுகளைத் தாரும். ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் போதகர்